மூன்று நாள் உரிமை

என் புருஷன் கெல்லாக் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்பது அவன் வாயைத் திறப்பதற்குப் பத்து நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கோடை முழுக்க மாடுகளோடு மலைமேல் மேய்ச்சல் மேட்டில் இருந்துவிட்டு இறங்கி வந்தவன், கொட்டிலைக் கூட்டும்போது ஒரு பாட்டை முணுமுணுத்தான். ஒன்பது வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவள் நான். அவனுக்குப் பாட்டே வராது. அது வெண்ணெய் கடைகிற பெண்கள் பாடுவது. மத்தின் இழுப்புக்குத் தக்கபடி நின்று நின்று போகும். நான் இங்கே கரையில் புகையில் கண் எரிய உப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அங்கே எவளோ மத்தை இழுக்க, இவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். ஒரு நாள் இரண்டு நாள் கேட்டு வருகிற பாட்டு அல்ல அது.

"என்ன பாட்டு அது?" என்றேன்.

"எது?"

"இப்பப் பாடுனியே, அது."

"நான் எங்க பாடுனேன்?" என்றான். விளக்குமாற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

பத்து நாள் கழித்து, நான் பார்லி மாவு பிசைந்துகொண்டிருக்கையில், எதிரே வந்து குந்தினான்.

"மேட்டுல ஒரு பொண்ணு இருக்கா. லசரான்னு பேரு. வடக்குக் கரைக்காரி. அவ கடையுற வெண்ணெய் மாதிரி நம்ம மோர்னாத் தீவுலயே கெடையாது."

"வெண்ணெய்க்காகவா கட்டிக்கப் போற?"

"மாடு பெருகிப் போச்சு மூரின். நீ ஒருத்தியே எவ்வளவுதான் பாடுபடுவ?"

எனக்காகத்தான் கட்டிக்கொள்கிறானாம். மாவைத் தட்டிக் கல்லில் போட்டேன். அன்றைக்கு ரொட்டி ஒவ்வொன்றும் செருப்புத் தோல்போல் இருந்தது. அவன் மென்று விழுங்கினான்.

எங்கள் தீவில் ஒருவன் இரண்டு பேரைக் கட்டிக்கொள்வது அதிசயமில்லை. அவன் அப்பனுக்கே மூன்று பேர். ஆனால் மூத்தவளுக்கு என்று சட்டம் ஒன்று வைத்திருக்கிறது. இளையாள் வாசற்படி தாண்டியதிலிருந்து மூன்று நாள், மூத்தவள் அவளை என்ன அடி அடித்தாலும் கேள்வி இல்லை, தண்டம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு மாதமாக ஊர் அதற்காகக் காத்திருந்தது. நான் உப்புப் பாத்திரம் தூக்கித் தூக்கித் தோள் இறுகிப்போனவள். ஒருமுறை முரட்டுக் கிடாயைக் கொம்பைப் பிடித்துச் சாய்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கொப்னா, தேன்கூடு வைத்திருப்பவள், நாற்காலியையே எங்கள் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. எங்கே அடிப்பது, எப்படி அடிப்பது என்று யோசித்து யோசித்தே அந்த மாதத்தை ஓட்டினேன். முதல் அறை கன்னத்தில். பிறகு அந்தப் பாட்டு வருகிற வாயில்.

லசரா வந்த காலையில் சட்டம் சொல்லும் தோர்னா வாசலில் நின்று, கோலைத் தரையில் தட்டினார். அவள் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். செம்பட்டை முடி, மெலிந்த கழுத்து, முழங்கை வரை வெயிலில் பழுத்த கை. நான் நினைத்திருந்த அழகு இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை. அழகுக்காக இல்லையென்றால் வேறு எதற்காகவோ அல்லவா கூட்டி வந்திருக்கிறான்?

"மூணு நாள்," என்றார் தோர்னா. "எலும்பு முறியக் கூடாது, கண்ணு போகக் கூடாது, நெருப்பு, இரும்பு ரெண்டும் எடுக்கக் கூடாது. மத்தபடி மூத்தவ இஷ்டம். இளையவ திருப்பி அடிக்கக் கூடாது. ஆனா அவ கீறலாம், முடியப் பிடிச்சு இழுக்கலாம், வாய்க்கு வந்தபடி திட்டலாம். மூணாம் நாள் பொழுது சாயுறப்ப நான் வந்து கேப்பேன். ஒரு அடிகூட விழலேன்னா மூத்தவ இவள ஒரு ஆளாவே எடுத்துக்கலேன்னு அர்த்தம். இவ இந்த வீட்டுக்கு விருந்தாளி. வசந்தம் வந்ததும் வந்த வழியே போயிரணும்."

கடைசிப் பகுதியை நான் அதுவரை யோசித்ததே இல்லை. எவளும் அடிக்காமல் இருந்ததில்லை, அதனால் அதைப் பற்றி யாருக்கும் நினைவே இல்லை. லசரா காதில் அது விழுந்ததாகவும் தெரியவில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். "உள்ள வாம்மா," என்றேன். "கஞ்சி சூடா இருக்கு."

கொப்னாவின் முகம் தொங்கிப் போயிற்று.

முதல் நாள் நான் அவளைத் தொடவே இல்லை. ஆனால் சும்மா விட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவள் குனிந்து கஞ்சி குடிக்கும்போது அவள் தலைக்கு மேலே கையை ஓங்கினேன். பரணிலிருந்து கரண்டியை எடுத்தேன். அவள் கிண்ணம் நழுவி மடியில் கொட்டிற்று. அவள் தறிப்பக்கம் போகும்போது பின்னாலேயே போய் நின்றேன். விறகுபோல எரிக்க வைத்திருந்த காய்ந்த சதுப்பு மண்கட்டியை எடுத்து, கையில் எடை பார்த்து, அவளைப் பார்த்து, அடுப்பில் போட்டேன். சாயங்காலத்துக்குள் அவளுக்குக் கண்ணிமை துடிக்க ஆரம்பித்துவிட்டது. அடித்திருந்தால்கூட அவ்வளவு சுகம் கிடைத்திருக்காது.

கெல்லாக் எதையும் பார்க்காதவன்போல் தோல் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் காலையில் தண்ணீர் எடுக்கப் போன லசராவைக் கொப்னா ஊற்றடியில் பிடித்திருக்கிறாள். "அட அசடு, அவ அடிக்கலேன்னு சந்தோஷப்படுறியா? அடி வாங்கலேன்னா உனக்கு இந்த வீட்ல அடுப்புப் பக்கம் இடமே கெடையாதுடி. வசந்தத்துல மாடு மறுபடி பால் குடுக்கறதுக்குள்ள உன்ன ஆத்தா வீட்டுக்கு அனுப்பிருவா. கமுக்கமா இருக்கிறவளப் பத்தி உனக்கு என்ன தெரியும்!" என்று ஓதி அனுப்பியிருக்கிறாள்.

திரும்பி வந்தவள் வேறு ஆளாக வந்தாள். குடத்தை வேண்டுமென்றே என் காலடியில் சாய்த்தாள். நான் துடைத்தேன். ரொட்டியைக் கருக விட்டாள். கரியைச் சுரண்டிவிட்டுத் தின்றேன். அடுப்புக்கு வலது பக்கம் என் ஆட்டுத்தோல் விரித்திருக்கும். ஒன்பது வருஷமாக வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அதில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"சௌகரியமா இருக்கா?" என்றேன்.

"கொஞ்சம் பழசு வாடை அடிக்குது அக்கா. ஆடு செத்து ரொம்ப நாளாச்சு போல."

வாசலில் யாரோ சிரித்தார்கள். நான் திருகைப் பக்கம் போய் உட்கார்ந்து பார்லியைப் போட்டுச் சுற்றினேன்.

"மூஞ்சியப் பாத்தா கெழவி மாதிரி இருக்கு, கையப் பாத்தா ஆம்பளை மாதிரி இருக்கு. அவரு எப்படித்தான் இத்தன வருஷம் பக்கத்துல படுத்தாரோ!"

சுற்றினேன்.

"அவரு தூங்கறப்போ கீழ் உதட்ட உள்ள இழுத்துக்குவாரு, கொழந்த மாதிரி. நீங்க கவனிச்சிருக்கீங்களா அக்கா? இல்ல, படுத்ததும் குறட்டை விட்ருவீங்களா?"

நான் கவனித்திருக்கிறேன். அது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் கொள்ளியைச் செருகின மாதிரி இருந்தது. எழுந்தால் அடித்துவிடுவேன் என்று தெரிந்தது, எழவில்லை. என் சட்டைக் கையைப் பல்லால் கடித்துக்கொண்டு திருகையைச் சுற்றினேன். அன்றைக்கு நான் அரைத்த மாவு குளிர்காலம் பாதி வரைக்கும் வந்தது.

பொழுது சாய்வதற்குள் அவளே உடைந்து போனாள். என் முன்னால் வந்து மண்டியிட்டு, முகத்தை நீட்டி, "அடிச்சுத் தொலைங்க அக்கா! ஒரே ஒரு அடி! உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?" என்று கத்தினாள். கண்ணில் நீர் கொட்டுகிறது. பதினெட்டு வயதுதான் இருக்கும்.

"விருந்தாளிய யாராவது அடிப்பாங்களா?" என்றேன்.

கெல்லாக் படகிலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான்தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேனே.

மூன்றாம் நாள் சாயங்காலம் மலையிலிருந்து மூடுபனி இறங்கிற்று.

எங்கள் தீவின் பனி மற்ற ஊர்ப் பனி மாதிரி அல்ல. அதற்குள் நின்று பேசின பேச்சு கரையாது, அதிலேயே தங்கிவிடும். பிறகு எப்போதாவது அந்தப் பனி வந்து கவியும்போது, அதே குரலில் அதே பேச்சு காதருகே கேட்கும். அதனால் பனி விழுந்தால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்; கை ஜாடைதான். ஆனால் மேய்ச்சல் மேட்டில் கோடை முழுக்க எந்நேரமும் பனி. அங்கே இருக்கிறவர்கள் எவ்வளவு நாள்தான் ஊமையாக இருப்பார்கள்? மலைமேல் பேசுவது மலைமேலேயே கிடக்கும் என்று ஒரு தைரியம். பெரும்பாலும் அப்படித்தான் கிடக்கும். சில வருஷம் இறங்கி வந்துவிடும்.

நான் கரையில் உலர்த்தியிருந்த கடற்பாசியை வாரிக்கொண்டிருந்தேன். லசரா கடைசி முயற்சியாக என் பின்னாலேயே வந்து, நான் வாரி வைத்ததையெல்லாம் காலால் தள்ளிக் கலைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக வந்து எங்கள் இரண்டு பேரையும் மூடிற்று. பத்தடியில் இருந்த கடல் மறைந்து போனது. முதலில் யாரோ ஒரு கிழவர் நாயைக் கூப்பிட்டார். செத்து இருபது வருஷமானவர். ஒரு பெண் ஆடு எண்ணினாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் லசரா பேசினாள். திரும்பிப் பார்த்தேன். அவள் எதிரே, வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"உன் மூத்தவ என்ன அடிச்சே கொன்னுருவா," என்றது பனிக்குள்ளிருந்த லசராவின் குரல்.

அவன் சிரித்தான். கெல்லாக்கின் சிரிப்பு, வயிறு குலுங்குகிற சிரிப்பு. வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

"மூரினா? அவ அடிக்க மாட்டா. அடிக்கணும்னா வயித்தெரிச்சல் வேணும்ல. எம் மேல அந்த அளவுக்கு ஆசை அவளுக்குக் கெடையாது. நான் செத்துக் கெடந்தாக்கூட, மொதல்ல மாட்டக் கட்டிட்டு, பால் கறந்து வச்சுட்டுத்தான் வந்து அழுவா."

"அப்படியா சொல்ற?"

"ஒம்போது வருஷம். எவளோட நின்னு பேசினாலும் ஏன்னு கேட்டதில்ல. ஒரு தடவ கேட்ருந்தா நான் ஏன் இங்க உக்காந்து உன் பாட்டக் கேட்டுக்கிட்டு இருக்கப் போறேன்?"

அவ்வளவுதான். பனி நகர்ந்தது; குரல் அலையோடு போய்விட்டது.

நான் கேட்காமல் இருந்தது உண்மைதான். கேட்டால் கௌரவம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த ராத்திரிகளை அவனுக்கு யார் சொல்வது? போன வருஷம் தச்சன் மகளோடு வேலியோரம் நின்றான் என்பதற்காக, அந்த வேலியை நானே பிடுங்கி அடுப்பெரித்தேன். மழையில் சாய்ந்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன். அவனும் நம்பினான்.

லசராவின் முகம் வெளுத்திருந்தது. கையால் ஜாடை காட்டினாள்: உள்ளே போய்விடலாம்.

வீட்டுக்குள் தோர்னா வந்து உட்கார்ந்து, பார்லிக் கள் குடித்துக்கொண்டிருந்தார். கொப்னாவும் இன்னும் நாலைந்து பேரும் ஈரம் சொட்டச் சுவரோரம் நின்றிருந்தார்கள். கெல்லாக் அடுப்பருகே.

"பொழுது சாயுது," என்றார் தோர்னா. "மூரின், அடிச்சியா?"

"இல்ல."

"தொடக்கூட இல்லையா?"

"இல்ல."

என் மனசு இரண்டாகக் கிழிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மூச்சு பொறுத்தால் போதும், வசந்தத்தில் அவள் போய்விடுவாள். ஆனால் பொறுத்தால், அவன் சொன்னதே நிஜமாகிவிடும்.

கெல்லாக் தோர்னாவைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். "நான்தான் அப்பவே சொன்னேனே. மூரின் அந்த மாதிரி இல்ல. நல்லவ."

அந்த 'நல்லவ' காதில் விழுந்ததும் என் கை தானாக எழுந்தது. லசரா அப்படியே சுழன்று போய்த் தறிமேல் விழுந்தாள். எழுந்தவள் உதட்டில் ரத்தத்தோடு என் முடியைப் பிடித்தாள். பிறகு யார் எதைச் செய்தோம் என்று சொல்ல முடியாது. மூன்று நாள் தேக்கி வைத்ததெல்லாம் ஒரு கஞ்சி ஆறுகிற நேரத்துக்குள் கொட்டிற்று. பானை உடைந்தது, தறி சாய்ந்தது, அவள் நகம் என் கழுத்தில் நாலு கோடு போட்டது. "வெக்கங்கெட்டவளே, உனக்குப் பாட ஆளா கெடைக்கல?" என்று நான் கத்தினேன், "உப்புப் பானை, உப்புப் பானை!" என்று அவள் கத்தினாள். கொப்னா சந்தோஷத்தில் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள். தோர்னா கோலைத் தட்டி, "விழுந்துருச்சு, விழுந்துருச்சு, போதும்!" என்றார். "இளையவ இனி இந்த வீட்டுக்காரி."

மூச்சு வாங்க நிமிர்ந்தேன். அப்போதுதான் கெல்லாக்கின் முகத்தைப் பார்த்தேன். தேனடையைக் கையில் கொடுத்த பிள்ளை மாதிரி மலர்ந்து போயிருந்தது. உடைந்த பானையையும் என் கழுத்து ரத்தத்தையும் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க அவன் என்னைச் சுற்றியே வந்தான். நான் உப்புக் காய்ச்சப் போனால் விறகு தூக்கிக்கொண்டு வந்தான். பன்றி அறுத்த அன்று தொடைக்கறியை அறுத்து என் தட்டில்தான் வைத்தான், லசராவுக்கு விலாவெலும்பு. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்? தினமும் தலை வாரிப் பின்னிக்கொண்டேன். அவன் என்னோடு பேசும்போது லசரா பக்கம் ஓரக்கண்ணால் பார்ப்பேன். மத்தை அவள் வெறிபிடித்தவள்போல் இழுப்பாள்; வாயில் பாட்டே இல்லை. ஒருநாள் அவள் கடைந்த வெண்ணெய் திரளாமல் போனது. "என்னம்மா, தீவுலயே இந்த மாதிரி வெண்ணெய் கெடையாதுன்னாங்களே?" என்றேன். மத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள்.

"உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியுது அக்கா," என்றாள். "ஒரே ஒரு அடி. ஒரு அடியில எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க."

"நீதானே கேட்ட?"

"ஆமா. நான்தான் கெஞ்சிக் கேட்டேன்!"

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஆனால் அன்று சாப்பாட்டின்போது கெல்லாக் அவளிடம் உப்பைக் கேட்டான், என்னிடம் கேட்கவில்லை. நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

செம்மறி ஆடுகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் திருநாள் அன்று எங்கள் தீவில் எந்தப் பெண்ணும் காரணம் சொல்லாமல் கல்யாணத்தை விட்டு நடந்து போய்விடலாம். கதவைத் தாண்டினால் முடிந்தது. அன்று காலையில் லசரா மூட்டையைக் கட்டினாள். கெல்லாக் கொட்டிலில் இருந்தான். நான்தான் மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவளோடு பாறைப்பாதையில் வடக்குக் கரை வளைவு வரை போனேன். அவள் நிஜமாகவே போகிறாளா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

"நீங்க என்ன அடிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம் அக்கா," என்றாள் வழியில். "இடம் கெடச்சுருச்சுன்னு நெனச்சேன். அப்புறம்தான் அவரு மூஞ்சியப் பாத்தேன். நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவருக்கு நாம ரெண்டு பேரும் வேணாம். நாம அடிச்சுக்கறதுதான் வேணும்."

"எனக்குத் தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சுமா அங்கயே இருக்கப் போறீங்க?"

வளைவில் மூட்டையை அவள் தோளில் ஏற்றிவிட்டேன். அவள் பாறை மறைவில் போகும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட ஓடியே வீட்டுக்கு வந்தேன். புது ஆட்டுப்பாலில் கஞ்சி வைத்து, தேன் ஊற்றி, கெல்லாக்கைக் கூப்பிட்டேன்.

வந்து உட்கார்ந்தான். வீட்டைச் சுற்றிலும் பார்த்தான்.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

கிண்ணத்தைத் தொடவில்லை. "போறப்போ ஏதாவது சாப்பிட்டாளா?" என்றான்.

மெல்லிய குரல். ஒன்பது வருஷத்தில், ஜுரத்தில் நான் எழ முடியாமல் கிடந்த நாளில்கூட, அந்தக் குரலில் அவன் என்னை எதுவும் கேட்டதில்லை. இருக்கிறவளை எழுந்து அடிக்கலாம். போய்விட்டவளை என்ன செய்ய?

"சாப்பிட்டா, சாப்பிட்டா. ரெண்டு கிண்ணம்," என்றேன். அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் போனாள். அவன் கஞ்சியையும் இழுத்து நானே குடித்தேன்.

லசரா அடுத்த வருஷமே வடக்குக் கரையில் ஒரு வலைக்காரனைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளை பெற்று, நன்றாகத்தான் இருக்கிறாள். சந்தையில் பார்த்தால் "அக்கா" என்று ஓடி வருவாள். எனக்கும் அவளைக் கண்டால் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கெல்லாக்குக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், திடீரென்று கை நிற்கும், திறந்திருக்கிற கதவு வழியே வெளியே பார்ப்பான். எங்கள் வாசல் வடக்கு பார்த்தது. நான் கவனிக்கவில்லை என்று அவனுக்கு நினைப்பு.

போன இலையுதிர்காலத்தில் தச்சனைக் கூப்பிட்டு, அந்த வாசலைக் கல் வைத்து அடைத்துவிட்டு, மேற்குப் பக்கம் புதிதாக வாசல் வைக்கச் சொன்னேன். மேற்கே கடல். மழை வந்தால் சாரல் அடுப்பு வரைக்கும் அடிக்கிறது, மாவெல்லாம் நமுத்துப் போகிறது. கெல்லாக் தினமும் முனகுகிறான். அடிக்கட்டும்.